ஓவர்ஹால் முடிந்த இன்ஜினில் ஆயில் பிரஷர் வரவில்லை என்றால்

சிவப்பு ஆயில் விளக்கு அணையவில்லையா? முதலில் இன்ஜினை நிறுத்துங்கள். காரணம் தேடுவது அதற்குப் பிறகு.

ஓவர்ஹால் முடித்து, அதாவது முழுக்கப் பிரித்துச் சரிசெய்து பூட்டி, முதன்முதலாக ஸ்டார்ட் செய்யும் இன்ஜினில் நாலைந்து விநாடிக்குள் விளக்கு அணைய வேண்டும். பத்து விநாடி ஆகியும் எரிகிறது என்றால் சாவியைத் திருப்பிவிடுங்கள். "கொஞ்சம் ஓடினா ஏறிடும்" என்று ஆக்சிலேட்டரை மிதிப்பவர்கள் உண்டு. பூட்டும்போது பேரிங்கில் தடவிய ஆயில்தான் அந்த நேரத்தில் கிராங்கை (இன்ஜினின் சுழலும் தண்டை) தாங்கிக்கொண்டிருக்கிறது. அது பிதுங்கி வெளியேறிவிட்டால் புது ஷெல்லின் (பேரிங்கின் அரைவட்டத் தகட்டின்) மென்மையான மேல்பூச்சு தேயத் தொடங்கும். அதற்கப்புறம் பிரஷர் வந்தாலும் பழைய நிலை திரும்பாது.

நான் சிங்கப்பூர் காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறையில் இன்ஜின் வேலை பார்க்கிறேன். இங்கே பிரித்துச் செய்யப்படும் இன்ஜின்களில் பெரும்பாலானவை சிஓஇ (இங்கே கார் வைத்திருக்கத் தேவையான உரிமச் சான்றிதழ்) புதுப்பித்த கார்களுடையவை. பத்து ஆண்டு முடிந்த காரை இன்னும் 5 ஆண்டுக்கோ 10 ஆண்டுக்கோ புதுப்பிக்கப் பெரிய தொகை கட்டிவிட்டு வருகிறார்கள். 5 ஆண்டுக்குப் புதுப்பித்தவருக்கு மறுபடி புதுப்பிக்கும் வாய்ப்பும் இல்லை. அந்த ஆண்டுகள் முழுவதும் இந்த ஒரு இன்ஜின் ஓடியாக வேண்டும், ஆண்டுதோறும் இன்ஸ்பெக்‌ஷனும் தாண்ட வேண்டும். அப்படிப்பட்ட ஒருவருடைய காரில் "ஓட்டிப் பார்ப்போம்" என்பது எனக்கு மனம் ஒப்பாத வார்த்தை. ஓட்டாமலே கண்டுபிடிக்க வழி இருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன்.

ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் தேடுவது சுலபம். ஆயில் பம்ப் பிரஷரை உண்டாக்குவதில்லை. அது ஆயிலைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். தள்ளிய ஆயில் கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவே இருக்கும் மிகச் சின்ன இடைவெளியில் நுழையச் சிரமப்படுகிறது. அந்தத் தடைதான் பிரஷர். ஆகவே பிரஷர் கொஞ்சங்கூட இல்லை என்பதும், குறைவாக இருக்கிறது என்பதும் இரண்டு வேறு நோய்கள். கொஞ்சங்கூட இல்லை என்றால் பம்புக்கு ஆயில் வரவில்லை, பம்ப் சுற்றவில்லை, அல்லது தள்ளிய ஆயில் எங்கோ பெரிய ஓட்டை வழியாகத் திரும்ப இன்ஜினின் அடியில் இருக்கும் ஆயில் பேனில் விழுகிறது. குறைவாக இருந்தால் பேரிங் இடைவெளியைச் சந்தேகிக்க வேண்டும். இந்தப் பிரிவினை தெரியாமல்தான் பலர் எடுத்ததும் புது பம்ப் வாங்குகிறார்கள். ஓவர்ஹாலுக்குப் பிறகு பூஜ்யம் காட்டும் இன்ஜின்களில் பம்ப் உடைந்துபோனவை குறைவு. காற்றை உறிஞ்சிக்கொண்டிருப்பவைதான் அதிகம்.

விளக்கு உண்மை பேசுகிறதா

ஜப்பான் கார்களில் ஆயில் சுவிட்சுக்கு வழக்கமாக ஒரே ஒரு ஒயர். மற்ற முனை, சுவிட்சின் மரை வழியாகப் பிளாக்கில் எர்த் ஆகிறது. பிரஷர் இல்லாதபோது சுவிட்ச் மூடியிருக்கும், விளக்கு எரியும். சுமார் 0.3 பார் வந்ததும் திறந்துகொள்ளும், விளக்கு அணையும். சாவியை ஆன் செய்து அந்த ஒயரைப் பிடுங்குங்கள். விளக்கு அணைய வேண்டும். அணையாவிட்டால் ஒயர் எங்கோ பாடியில் உரசுகிறது. இன்ஜினைத் தொடவே வேண்டாம். பிறகு அதே ஒயரின் முனையைப் பிளாக்கில் தொடுங்கள். விளக்கு எரிய வேண்டும்.

இதன் மறுபக்கம் இன்னும் ஆபத்தானது. சுவிட்ச் மரையில் வெள்ளை டேப்பைச் சுற்றோ சுற்று என்று சுற்றிவிட்டால் எர்த் அறுந்துபோகும். விளக்கு எப்போதுமே எரியாது. பிரஷர் இருக்கிறதென்று நம்பி ஓட்டிவிடுவீர்கள். சாவி ஆன், இன்ஜின் ஆஃப் என்ற நிலையில் விளக்கு எரிகிறதா என்பதை முதல் ஸ்டார்ட்டுக்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

விளக்கு சரி என்றால் சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் முள் காட்டும் கேஜ் மாட்டுங்கள். கேஜ் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது. மாட்டும்போது மரையைக் கவனியுங்கள். ஜப்பான் இன்ஜினில் பெரும்பாலும் 1/8 பிஎஸ்பிடி, அங்குலத்துக்கு 28 மரை. ஆன்லைனில் வாங்கும் பல கேஜ்களோடு வருவது அமெரிக்க 1/8 என்பிடி, அங்குலத்துக்கு 27 மரை. இரண்டும் கைக்கு ஒன்றுபோலவே இருக்கும், ஒரு சுற்று ஒன்றரைச் சுற்று ஏறவும் செய்யும். ஸ்பேனர் போட்டு இறுக்கினால் அலுமினிய மரை கெட்டுவிடும். சரியான அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆயில் போட்டோமா என்று டிப்ஸ்டிக்கைப் பார்ப்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த டிப்ஸ்டிக் அந்த இன்ஜினுடையதா என்று பாருங்கள். ஹாஃப்-கட் இன்ஜின் (பாதியாக வெட்டி இறக்குமதியான பழைய காரின் இன்ஜின்) இறக்கிய கார்களில் ஒன்றின் டிப்ஸ்டிக் மற்றொன்றில் நுழைந்திருப்பது சாதாரணம். முழுக்கக் காய்ந்த இன்ஜினுக்கு ஆயில் மாற்றும்போது ஊற்றும் அளவும் போதாது. ஃபில்டரும் வழிகளும் நிறைந்த பிறகு மறுபடி பார்த்து ஊற்ற வேண்டும்.

பிளக்கைக் கழற்றி ஸ்டார்ட்டர் அடித்தல்

இனி இன்ஜினைப் பற்றவைக்கவே கூடாது. எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றுங்கள். பெட்ரோல் பீய்ச்சும் அமைப்பின் இஎஃப்ஐ ஃபியூசை எடுங்கள், காயில் கனெக்டர்களையும் பிடுங்குங்கள். பிளக் துவாரத்தில் பெட்ரோல் ஆவி வரும்போது பக்கத்தில் தீப்பொறி இருக்கக் கூடாது. பிளக் இல்லாத இன்ஜின் லேசாகச் சுற்றும், வேகமாகவும் சுற்றும், பேரிங்கில் பளுவும் விழாது. பத்து விநாடி ஸ்டார்ட்டர் அடித்து, ஒரு நிமிடம் ஆறவிட்டு, மறுபடி அடியுங்கள். பேட்டரி நன்றாக இருக்க வேண்டும். நாலைந்து முறையில் கேஜ் முள் அசைய வேண்டும்.

அசையவில்லை என்றால் நான் செய்யும் அடுத்த காரியம் ஃபில்டரைக் கழற்றுவது. கீழே அகலமான தட்டு வைத்துவிட்டு, ஃபில்டர் இல்லாமல் ஐந்து விநாடி ஸ்டார்ட்டர் அடிக்கச் சொல்லிப் பார்ப்பேன். ஃபில்டர் உட்காரும் இடத்தில், பெரும்பாலான இன்ஜின்களில் சுற்றி இருக்கும் துவாரத்தில்தான் பம்பிலிருந்து ஆயில் வரும்; நடுவில் இருக்கும் குழாய் வழியாக அது இன்ஜினுக்குள் போகும். சுற்றுத் துவாரத்திலிருந்து ஆயில் கொட்டுகிறதா, இல்லையா? இந்த ஒரு கேள்வி பிரச்சினையை இரண்டாக வெட்டிவிடும். கொட்டினால் ஆயில் பேன், ஸ்ட்ரெய்னர் (பேனிலிருந்து ஆயிலை உறிஞ்சும், வலை போட்ட குழாய்), பம்ப் மூன்றும் வேலை செய்கின்றன; கோளாறு ஃபில்டருக்கு அப்பால். கொட்டாவிட்டால் ஃபில்டருக்கு இப்பால். இதைச் செய்யாமல் எந்தப் பாகத்துக்கும் காசு கொடுக்காதீர்கள்.

ஆயில் வரவில்லை என்றால்

முதல் சந்தேகம், பம்ப் காய்ந்திருக்கிறது. உள்ளே இருக்கும் ரோட்டர்களுக்கு நடுவே ஆயில் படலம் இருந்தால்தான் அது உறிஞ்சும். கழுவித் துடைத்துப் பளபளவென்று மாட்டிய பம்ப் காற்றைத்தான் சுழற்றிக்கொண்டிருக்கும். பம்ப் மூடியைப் பூட்டும் முன்பே உள்ளே வாஸ்லின் நிரப்பிவிட வேண்டும். சுத்தமான பெட்ரோலியம் ஜெல்லி, எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும். சூட்டில் இளகி ஆயிலோடு கலந்துவிடும். வீல் பேரிங் கிரீஸ் வைக்காதீர்கள். அது ஆயிலில் லேசில் கரையாது, ஃபில்டரைப் போய் அடைக்கும்.

இன்ஜின் பூட்டியாகிவிட்டது, வாஸ்லின் வைக்கவில்லை என்றால், ஃபில்டர் இடத்தின் சுற்றுத் துவாரத்தில் ஆயில் கேனின் மூக்கை வைத்து நிதானமாக ஆயிலைச் செலுத்துங்கள். அது பின்வழியாக இறங்கி ரோட்டரை நனைக்கும். கிராங்கைப் பின்புறமாகச் சுற்றினால் இன்னும் உள்ளே இழுக்கும் என்பார்கள். டைமிங் பெல்ட் இன்ஜினில் அதைச் செய்யாதீர்கள், பெல்ட் பல் தாண்டலாம். ஆயிலை விட்டு அரைமணி நேரம் பொறுத்தாலே போதும். ஃபில்டரிலும் ஆயில் நிரப்பி மாட்டுங்கள். மாட்டும் முன் பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் பிளாக்கிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

அதற்கும் வரவில்லை என்றால் ஆயில் பேனை இறக்க வேண்டியதுதான். இறக்கும்போது நான் தேடுவது ஸ்ட்ரெய்னர் குழாய் பம்போடு சேரும் இடத்தை. காப்பிக்கடையில் பொட்டலம் கட்டித் தரும் தே பெங் என்ற ஐஸ் தேநீரில் ஸ்ட்ராவின் மேல்பகுதியில் ஒரு கீறல் இருந்தால் எவ்வளவு உறிஞ்சினாலும் வாய்க்குக் காற்றுதான் வரும். இதுவும் அதே கதை. ஓரிங் என்ற ரப்பர் வளையம் இல்லாமல் மாட்டியிருப்பார்கள். இருந்தும் நுழைக்கும்போது வெட்டுப்பட்டிருக்கும். கேஸ்கட் வைக்கும் இன்ஜினில் பழையதன் மேல் புதியதும் சேர்ந்து இரட்டையாக இருக்கும். குழாயைத் தாங்கும் சின்ன பிராக்கெட்டின் போல்ட் விட்டுப்போயிருக்கும். ஓரிங் புதிதாகத்தான் போட வேண்டும், ஆயில் தடவித்தான் நுழைக்க வேண்டும். குழாயின் வெல்டிங் இடத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். குழாயின் ஒரு வாயை அடைத்து, பெட்ரோலோ தின்னரோ ஊற்றிச் சிறிது நேரம் நிறுத்தி வைத்தால் கசியும் இடம் ஈரமாகிக் காட்டும்.

பிறகு ஸ்ட்ரெய்னர் வலை. ஆயில் பேனை ஒட்ட சிலிகானை வாரி அப்பினால், உள்பக்கம் பிதுங்கிய சிலிகான் துண்டு துண்டாக உதிர்ந்து நேராக அந்த வலையில்தான் வந்து நிற்கும். மூன்று மில்லிமீட்டர் பட்டையாக ஒரே கோடு இழுத்தால் போதும். போல்ட் துவாரத்தின் உள்பக்கமாக வளைத்து இழுங்கள், வெளியே கசியாது. ஆயில் பேனின் அடி நசுங்கியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். பழைய கார்களில் ஜாக்கியை அங்கேயே வைத்துத் தூக்கியிருப்பார்கள். பேன் உள்ளே குழிந்து ஸ்ட்ரெய்னரின் வாயை மூடிவிட்டால் ஆயில் எங்கிருந்து ஏறும்?

பம்பைக் கழற்றினால் ரிலீஃப் வால்வைப் பார்க்காமல் மூடாதீர்கள். பிரஷர் அளவுக்கு மேல் போனால் திறந்து ஆயிலைத் திருப்பிவிடுவது இது. ஒரு சின்ன இரும்புத் தூள் நுழைந்து திறந்த நிலையிலேயே மாட்டிக்கொண்டால் பம்ப் தள்ளுவதெல்லாம் அங்கேயே திரும்பிவிடும். வால்வில் ஆயில் தடவித் துவாரத்தில் விட்டால் தன் கனத்திலேயே வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். விரலால் தள்ள வேண்டியிருந்தால் அது சிக்குகிறது என்று அர்த்தம். ரோட்டர்களில் சின்னப் புள்ளி அடையாளம் இருந்தால், அவை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று மேனுவலில் போட்டிருக்கும். அதன்படி பூட்டுங்கள். மூடிக்கும் ரோட்டருக்கும் இடைவெளியை நேர்க்கோலும் ஃபீலர் கேஜும் வைத்து அளக்கலாம். டொயோட்டா 4ஏ போன்ற இன்ஜின்களில் அது 0.1 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. பம்பைச் சுற்றும் சாவி (தண்டில் செருகும் சின்ன உலோகத் துண்டு), செயின், பல்சக்கரம் எதுவாயினும் அது இடத்தில் இருக்கிறதா என்பதும் இந்தக் கட்டத்தில் தெரிந்துவிடும்.

ஃபில்டரில் ஆயில் கொட்டுகிறது, ஆனாலும் பூஜ்யம்

இப்படி ஒரு கார் எங்களிடம் இழுவை லாரியில் வந்தது. வேறோர் இடத்தில் ஓவர்ஹால் ஆனது. பம்ப் புதிது, அதற்குப் பிறகு இன்னொரு பம்பும் புதிது. சொந்தக்காரத் தம்பி, "அண்ணே, ஒரிஜினல் பம்ப் ஆர்டர் பண்ணிடவா?" என்று போனைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். ஃபில்டரைக் கழற்றி அடித்தோம். ஆயில் தட்டு நிறையக் கொட்டியது. "பம்புல ஒண்ணும் இல்ல தம்பி, போனை உள்ள வைங்க" என்றேன். டைமிங் கவரைத் திறந்தபோது, பிளாக்கின் முன்முகத்தில் மெயின் ஆயில் கேலரியின் (பிளாக்குக்குள் ஓடும் முக்கிய ஆயில் வழியின்) வாய் திறந்தபடி இருந்தது. பிளாக்கை மருந்துத் தொட்டியில் போட்டுக் கழுவும்போது அந்த வழிகளின் முனையை மூடும் கேலரி பிளக்குகளைக் கழற்றுவார்கள். கழற்றத்தான் வேண்டும், இல்லாவிட்டால் அழுக்குப் போகாது. திரும்பப் பூட்டும்போது அந்த ஒன்று விட்டுப்போயிருக்கிறது. பம்ப் தள்ளிய ஆயில் முழுக்க அந்த வாய் வழியாக ஆயில் பேனுக்கே போய்க்கொண்டிருந்தது.

ஆகவே மிஷின் ஷாப்புக்குப் பிளாக்கைக் கொடுக்கும் முன் எல்லாப் பிளக் இடங்களையும் போனில் படம் எடுத்து வையுங்கள். திரும்பி வந்ததும் படத்தோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். முன்பக்கம், ஃபிளைவீல் பக்கம், ஹெட்டின் முனைகள், இருந்தால் பிஸ்டனுக்கு அடியில் ஆயில் பீய்ச்சும் ஜெட்கள். ஜெட் ஒன்று இல்லாமல் போனாலும் பிரஷர் சரியும்.

எங்கே ஒழுகுகிறது என்று கண்ணால் பார்க்க ஒரு நல்ல வழி இருக்கிறது. செடிக்கு மருந்தடிக்கும், கையால் காற்றடிக்கும் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றைப் புதிதாக வாங்கி, அதன் குழாயைச் சுவிட்ச் துவாரத்தில் சேர்த்து, ஆயிலை வெளியிலிருந்து செலுத்துங்கள். ஆயில் பேன் இறக்கியபடியே இருக்கட்டும். அடியில் விளக்கைப் பிடித்துப் பார்த்தால் இன்ஜின் தன் குறையைத் தானே சொல்லும். எல்லா மெயின் பேரிங்கிலும் கனெக்டிங் ராட் பேரிங்கிலும் சொட்டுச் சொட்டாக, ஏறக்குறைய ஒரே மாதிரி வடிய வேண்டும். ஓரிடத்தில் தாரையாக ஓடினால் அங்கே இடைவெளி அதிகம். ஓரிடம் மட்டும் காய்ந்திருந்தால் கிராங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிப் பாருங்கள்; கிராங்கின் துவாரம் நேராக வரும்போது அங்கும் வடிய வேண்டும். எப்படிச் சுற்றினாலும் காய்ந்தே இருந்தால் மெயின் ஷெல் மேலும் கீழும் மாறியிருக்கலாம். துவாரம் உள்ள ஷெல் பிளாக்கில்தான் உட்கார வேண்டும். அதைக் கீழிருந்து பூட்டும் கேப்பில் வைத்து, துவாரமில்லாததைப் பிளாக்கில் வைத்தால் ஆயில் வழி அடைபடும். இதில் கேஜ் நல்ல பிரஷரே காட்டும், பேரிங் மட்டும் எரிந்துபோகும். கேஜை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியாது.

இந்தத் தொட்டி முறையை நான் இப்போது கோளாறு உள்ள இன்ஜினுக்கு மட்டும் செய்வதில்லை. ஓவர்ஹால் ஆகும் ஒவ்வொரு இன்ஜினையும் பேன் மூடும் முன் இப்படிப் பார்த்துவிடுகிறேன்.

பிரஷர் இருக்கிறது, போதவில்லை

குளிர்ந்தபோது நன்றாக இருந்து, சூடேறியதும் சரிந்தால் அது பேரிங் இடைவெளி. எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை அந்தந்த மேனுவல் சொல்லும். 4ஏ-எஃப்இ இன்ஜினுக்கு, சூடான நிலையில் ஐடிலில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) குறைந்தது 29 கிலோபாஸ்கல், அதாவது 4.3 பிஎஸ்ஐ, 3000 ஆர்பிஎம்மில் 245 முதல் 490 கிலோபாஸ்கல். ஆயிரம் ஆர்பிஎம்முக்கு பத்து பிஎஸ்ஐ என்ற பழைய கணக்கை வைத்துக்கொண்டு, ஐடிலில் ஐந்து பிஎஸ்ஐ காட்டும் நல்ல இன்ஜினை மறுபடி பிரிக்க வேண்டாம்.

உண்மையிலேயே குறைவு என்றால் ஷெல்லின் முதுகைப் பாருங்கள். கிராங்கை 0.25 மில்லிமீட்டர் கிரைண்ட் செய்திருந்தால் ஷெல்லிலும் 0.25 என்று குத்தியிருக்க வேண்டும். கிரைண்ட் செய்த கிராங்குக்கு ஸ்டாண்டர்ட் ஷெல் போட்டிருந்தால் எந்தப் பம்பாலும் அதை நிரப்ப முடியாது. பிளாஸ்டிகேஜ் (நசுங்கும் அகலத்தால் இடைவெளியைக் காட்டும் மெல்லிய பிளாஸ்டிக் இழை) வைத்து அளந்து, மேனுவலோடு ஒப்பிடுங்கள். கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றி முள்ளைத் தூக்கிக் காட்டி வண்டியைக் கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன். முள் ஏறும், இடைவெளி அப்படியேதான் இருக்கும், காரை எடுத்துப் போனவர் பிஐஇ விரைவுச்சாலையில் நிற்பார்.

கேஜ் சரி, ஆனால் ஆயில் மூடியைத் திறந்து பார்த்தால் கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) காய்ந்திருக்கிறதா? ஹெட் கேஸ்கட் திரும்பிப் போட்டிருக்கிறதா, ராக்கர் ஷாஃப்ட்டின் துவாரங்கள் சரியான பக்கம் பார்க்கின்றனவா என்று தேடுங்கள்.

முள் ஏறிய பிறகு

பிளக் இல்லாமல் ஸ்டார்ட்டர் அடித்தே முள் நிலையாக நின்ற பிறகுதான் பிளக்கைப் பூட்டிப் பற்றவைக்க வேண்டும். கேஜைக் கழற்றாதீர்கள். ஒருவர் கேஜைப் பார்க்க, ஒருவர் சாவியில் கை வைத்திருக்கட்டும். சுமார் இருபது நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, ஆயிலைச் சூட்டோடு இறக்குங்கள். ஃபில்டரை வெட்டி, உள்ளே இருக்கும் காகித மடிப்பை விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். மெல்லிய சாம்பல் பூச்சு இருக்கலாம். விரலில் உறுத்தும் மினுமினுப்பு இருந்தால் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் பெரும்பாலும் பேரிங் உலோகம், ஆயில் பேனை மறுபடி இறக்குங்கள். பழைய ஆயிலைச் சாக்கடையில் விடாமல் டிரம்மில் சேர்த்து, உரிமம் உள்ளவரிடம் கொடுங்கள்.

புது ஆயில், புது ஃபில்டர் போட்டு, சூடான ஐடிலிலும் 3000 ஆர்பிஎம்மிலும் கேஜ் காட்டும் எண்ணைத் தேதியோடு எழுதிக் காரின் சொந்தக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். 500 கிலோமீட்டர் ஓடித் திரும்பி வரும்போது அதே கேஜை மாட்டி, அதே சூட்டில் பாருங்கள். எண் அப்படியே இருந்தால் கேஜைக் கழற்றிச் சுவிட்சைப் பூட்டலாம்.